பழைய மாவைக் கழுவி ஈஸ்ட் எடுக்கலாமா?

பாளை ஆப்பக்கடை:
சாயங்காலம் ஆப்பம் சுட்டு விற்கிறேன். மெல்போர்னில் இருக்கும் தம்பி வீட்டிலேயே பீர் போடுகிறான். அங்கே அதற்குத் தடையில்லை. பீரை வடித்தபின் அடியில் நிற்கும் மண்டியைக் கழுவி, அதே ஈஸ்ட்டை நாலைந்து தடவை போடுகிறானாம். என்னையும் மிச்ச மாவைக் கழுவி ஈஸ்ட் எடுக்கச் சொல்கிறான். சரிவருமா?

மெல்போர்ன் தம்பி:
லேசான வேலை அக்கா. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மண்டியில் ஊற்றிக் கலக்கி இருபது நிமிஷம் விடு. கசடு கீழே இறங்கிவிடும், ஈஸ்ட் பால் மாதிரி மேலே நிற்கும். அதை மட்டும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை.

உடன்குடிக்காரன்:
பீருக்கே அது வேண்டாத வேலை தம்பி. பீரின் புளிப்பும் ஆல்கஹாலும்தான் ஈஸ்ட்டுக்கு வேலி. தண்ணீர் ஊற்றி அதை நீயே பிடுங்குகிறாய். பாக்டீரியாவும் ஈஸ்ட்டோடு சேர்ந்துதான் மிதக்கும், கழுவினால் போகாது. பெரிய ஆலைகளில் அமிலம் விட்டுக் கழுவுவதுண்டு. அதற்கும் வெளியிலிருந்து புகுந்த காட்டு ஈஸ்ட் சாகாது. கொஞ்சம் பீரோடு அப்படியே மூடி வை, போதும்.

மெல்போர்ன் தம்பி:
கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் கசடு கிடந்தால் அடுத்த பீரில் கசப்பு ஏறுமே அண்ணாச்சி? ஐந்து தடவை கழுவிப் போட்டுவிட்டேன், ஒன்றும் கெடவில்லை.

உடன்குடிக்காரன்:
ஆறாவது தடவை பார்ப்போம்.

பனங்காட்டுப் பேரன்:
எங்கள் தாத்தா பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக் கலயத்தை அலசுவதோடு சரி, தேய்க்கவே மாட்டார். உள்ளே ஒட்டியிருக்கும் மண்டிதான் மறுநாள் பனம்பாளையில் வடியும் நீருக்கு உறை. ஆச்சி ஆப்ப மாவிலும் அந்தக் கள்ளைத்தான் விடுவாள். 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது, அப்புறம் எங்கள் வீட்டிலும் பாக்கெட் ஈஸ்ட்தான்.

உடன்குடிக்காரன்:
அதைத்தான் சொல்கிறேன். அக்கா, மாவைக் கழுவினால் அரிசி அடியில் தங்கும், ஈஸ்ட்டோடு புளிப்புக் கிருமியும் மேலே வரும். அதற்கு எதற்குக் கழுவ வேண்டும்? உப்புப் போடுமுன் ஒரு கரண்டி மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம்மூர் வெயிலில் வெளியே வைத்தால் காலைக்குள் காடியாகிவிடும்.

பாளை ஆப்பக்கடை:
நேற்று ஒரு கரண்டி பழைய மாவு விட்டுப் பார்த்தேன். ஓரம் முறுகல், நடுவில் மெத்தென்று வந்தது. லேசாகப் புளிப்பு. ஒரு தாத்தா மட்டும் “கள்ளு ஊத்துனியாம்மா?” என்று கேட்டு இன்னும் இரண்டு வாங்கினார்.

மெல்போர்ன் தம்பி:
கழுவியிருந்தால் புளித்திருக்காது.

பாளை ஆப்பக்கடை:
சும்மா கிடலே.