மறு: மறு: ‘துர்நாற்ற நீக்கம்’ வேண்டாமே (புது ஹியூமிடார்)

வணக்கம்.

> சுருட்டுப் பெட்டிக் கையேட்டில் ‘டியோடரைசிங்’ வருகிறது. ‘துர்நாற்ற நீக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

எனக்கு உறுத்துகிறது. துர்நாற்றம் என்றதும் எலி செத்த மூலைதான் நினைவுக்கு வருகிறது. புது ஹியூமிடாரை, அதாவது சுருட்டை ஈரப்பதம் குறையாமல் காக்கும் பெட்டியைத் திறந்தால் அடிப்பது அதுவல்ல. பசை, வார்னிஷ், மூடிக்கடியில் ஒட்டிய மெத்தைத் துணி எல்லாம் கலந்து மூக்கில் சுருக்கென்று ஏறும். பெயின்ட் நெடி, மிளகாய் நெடி என்கிறோமே, அந்த நெடிதான் இது. சொல் கையிலேயே இருக்கிறது.

போன மடலில் வந்த ‘மணநீக்கம்’ இன்னும் மோசம். அந்தப் பெட்டிக்குள் மணம் இருந்தே ஆகவேண்டும். உள்ளே பலகை வைப்பதே பாதி அதற்காகத்தான். நெடி போகவேண்டும், மணம் நிற்கவேண்டும். ஆகவே ‘நெடிநீக்கம்’ என்பது என் முன்மொழிவு.

பலகை என்றதும் இன்னொன்று. கையேட்டு வரைவில் ‘ஸ்பெயின் தேவதாரு’ என்று பார்த்தேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஸ்பானிஷ் சீடர் ஸ்பெயினில் விளைவதும் இல்லை, தேவதாருவும் இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். செட்ரெலா ஒடொராட்டா என்று பெயர். குடும்பம் வேம்பினுடையது. ஒடொராட்டா என்றாலே மணமுள்ளது என்றுதான் பொருள். ‘மணவேம்பு’ என்றால் குடும்பமும் குணமும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

இனி வினைச்சொற்கள். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் கையேடு மூன்று வேலைகளை ஒரே சொல்லால் சொல்கிறது.

முதல் வேலை, மூடியைத் திறந்து நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் சில நாள் விடுவது. வெயிலில் வைத்தால் பலகை வளையும். இது நெடி ‘ஆற்றுதல்’. சூட்டை ஆற்றுவது போல, தானாகப் போக இடம் கொடுப்பது. பலகைக்கு ஈரம் ஏற்றுவதற்கு முன்பே இதை முடிக்கவேண்டும்; ஈரம் ஏறினால் பசையின் நெடி இன்னும் கிளம்பும். எனக்குத் தெரிந்தே, அவசரப்பட்டு முதல் நாளே ஈரத்துணியால் துடைத்தவன் நான். அப்புறம் மூன்று வாரம் பெட்டி திறந்தே கிடந்தது.

இரண்டாவது, சின்னக் கிண்ணத்தில் கிளர்வூட்டப்பட்ட கரியை வைத்து மூடிவிடுவது. ‘கரி நெடியை உறிஞ்சும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது வேறு, கரி செய்வது வேறு. நெடியின் மூலக்கூறுகள் கரியின் நுண்துளைப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பாடநூல்களில் ‘பரப்புக் கவர்ச்சி’ என்று இருக்கிறதே, கையேட்டுக்குக் ‘கவர்தல்’ போதும். மூன்றாவது, சமையல் சோடா. அது புளித்த, அமில வாடையை வேதிவினையால் ‘முறிக்கும்’. விஷமுறிவு என்கிற அதே முறிவு. வார்னிஷ் நெடியிடம் சோடாவின் பாச்சா பலிக்காது.

உட்புறத்திலேயே வார்னிஷ் பூசியிருந்தால் ஆற்றியும் பயனில்லை. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுக்கவேண்டும். சோப்பு, வினிகர், அத்தர் எதையும் உள்ளே விடக்கூடாது. பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்றால் சோப்போடு சேர்ந்த சுருட்டு என்ன ஆகும்?

----------

> ஆகவே ‘நெடிநீக்கம்’ என்பது என் முன்மொழிவு.

அன்பு நண்பரே, ‘மணவேம்பு’ பிடித்திருக்கிறது. நெடியில்தான் தயக்கம். பழைய பெட்டியைத் திறந்தால் பூஞ்சை பிடித்த மக்கிய வாசம் வருகிறதே, அதை யாரும் நெடி என்பதில்லை. வாடை என்கிறோம். உங்கள் சொல் புதுப்பெட்டிக்கு மட்டும்தானா? இன்னொன்று, புதுப்பெட்டியின் பலகைக்கு ஈரம் ஏற்றும் ‘சீசனிங்’ என்பதற்குப் ‘பதப்படுத்தல்’ என்று வைத்திருப்பதும் தோல் பதனிடும் நினைப்பைத் தருகிறது.

----------

நியாயம்தான். கசிந்து கசிந்து தங்கிநிற்பது வாடை, பாய்ந்து ஏறுவது நெடி. வாடையைப் போக்க முதலில் பூஞ்சையை ஒழிக்கவேண்டும், அது வேறு அத்தியாயம். கையேடு புதுப்பெட்டிக்கானது என்பதால் நெடியே இருக்கட்டும். புதுச் சுருட்டிலிருந்து வரும் அம்மோனியாவுக்கும் நெடி பொருந்துகிறது. என்ன, அதற்குப் பெட்டியைப் பழிக்கக்கூடாது, அது புகையிலையின் வேலை.

சீசனிங்குக்குப் ‘பழக்குதல்’ எப்படி? புது இரும்புச்சட்டியைப் பழக்குவதாகச் சொல்கிறோம் அல்லவா. ஈரப்பதத்தை 84 விழுக்காட்டில் நிறுத்தும் சிறு பொதியை இரண்டு வாரம் உள்ளே வைத்துப் பலகைக்கு ஈரத்தைப் பழக்குவதுதானே அது. பழகிய பெட்டி 65 முதல் 70 விழுக்காட்டில் நிற்கும்.

‘சிகார்’ என்பதைச் சுருட்டு என்றே மாற்றிவிடலாம். ஒருவகைச் சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலத்து ‘செரூட்’டே நம் சுருட்டிலிருந்து போனதுதான். ஹியூமிடாருக்கு ‘ஈரப்பேழை’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், வரைவை இன்னும் அச்சுக்கு அனுப்பவில்லை.