'நாட் பேட்' என்றால் உண்மையில் என்ன? வெள்ளைக்காரர்களோடு பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன், லீட்ஸ்:

இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்ததும் 'ஆல்ரைட்?' என்று கேட்டார். முகம் வாடிக் கிடக்கிறது போல என்று நினைத்து, ராத்திரி தூக்கமில்லை, வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, அம்மா நினைப்பாகவே இருக்கிறது என்று முழுக் கதையையும் சொன்னேன். மனிதர் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டார், பாவம். மறுநாளும் அதே 'ஆல்ரைட்?'. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை ஏதாவது வந்துவிட்டதா என்று கழிப்பறைக் கண்ணாடியில் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். அது வெறும் வணக்கம், திருப்பி 'ஆல்ரைட்' என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று புரிய ஒரு மாதம் ஆனது. நாம் 'சாப்டாச்சா' என்று கேட்டதற்கு ஒருவர் நின்று நிதானமாக இட்லி எத்தனை, சட்னி என்ன என்று சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கு.

அது சில்லறை விஷயம். சரியான அடி வேலையில் விழுந்தது. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு மேலாளர் 'குவைட் குட்' என்றார், ஒன்றிரண்டு இடங்களை மட்டும் இன்னொரு தடவை பார்க்கலாமே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அன்றே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அதே அறிக்கையை வேறொருவரிடம் கொடுத்து முதல் வரியிலிருந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்கர் வாயில் 'குவைட் குட்' பாராட்டு. இவர்கள் வாயில் பெரும்பாலும் அது 'பரவாயில்லை'க்கும் ஒரு படி கீழே. ஒன்றிரண்டு இடம் என்றால் எல்லா இடமும். 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஒருவர் ஆரம்பித்தால் மரியாதை அந்த இடத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சு வழக்கம் போர்க்களத்தில்கூடக் குழப்பியிருக்கிறது. கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சீனப் படையிடம் சிக்கிக்கொண்டது. அதன் தளபதி பிரிகேடியர் டாம் ப்ரோடி மேலே இருந்த அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை 'கொஞ்சம் ஸ்டிக்கி', அதாவது கொஞ்சம் சிக்கல், என்ற அளவில்தான் சொன்னார். அவர் ஊர்க்காரர் யாராவது கேட்டிருந்தால், ஆள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் எடுத்திருப்பார். அமெரிக்கர் சமாளித்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படைப்பிரிவில் இருந்த குளோஸ்டர்ஷயர் படையணியில் சுமார் 500 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள், தப்பி வந்தவர்கள் 40 பேர் அளவுதான். அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எதிரே வந்த படை அவ்வளவு பெரியது. ஆனாலும் அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் என் மேலாளர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். திட்டித் தீர்க்கக் கூப்பிடவில்லை. ஒரே மொழி பேசுகிறார்கள் என்பதற்காக எல்லாரையும் 'வெள்ளைக்காரன்' என்ற ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவன் நான், அது எங்கெங்கே அவிழ்ந்தது என்று பார்க்கலாம் என்றுதான்.

திண்டுக்கல் அக்கா, யார்க்‌ஷயர்:

தம்பி, நீங்கள் அலுவலகத்தில் பட்டதை நான் ஆஸ்பத்திரி வார்டில் தினமும் படுகிறேன். நர்ஸ் வேலை. ஊரில் நோயாளியிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், உயிர் போகிறது சிஸ்டர் என்பார், கூட வந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்பார்கள். இங்கே எழுபது எண்பது வயது விவசாயிகள் வருவார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, 'ஒரு மூணு இருக்கும் லவ், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்பார்கள். ஒருவர் நெஞ்சில் 'பிட் ஆஃப் எ ட்விஞ்ச்', லேசாகச் சுருக்கென்றது, என்றுதான் சொன்னார், மகள் பிடிவாதமாக அழைத்து வந்திருக்கிறாள். ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. அந்த நிலையிலும் காத்திருக்கும் மற்றவர்களை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அன்றிலிருந்து அவர்கள் சொல்லும் எண்ணைவிட உதடு, வேர்வை, கட்டிலின் விளிம்பைப் பிடித்திருக்கும் கை, இதையெல்லாம்தான் பார்க்கிறேன். முகத்தில் உணர்ச்சியே காட்டாத ஜனம் என்று நாம் கேலி செய்வோமே, அது வெறும் கேலி இல்லை, அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் ஆள் போய்விடுவார்.

அந்த 'லவ்' பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் டெர்பியில் இருந்தேன். பேருந்து ஓட்டுநர் சில்லறையைக் கொடுத்துவிட்டு 'தேர் யூ கோ, டக்' என்றார். என் நடையை வாத்து நடை என்கிறாரா என்று அறைக்கு வந்து அழுதிருக்கிறேன். அங்கே ஆண், பெண், கிழவர், போலீஸ்காரர் எல்லாரும் டக்தான், நம் ஊரில் கண்ணு என்பது போல. இப்போது யாராவது 'மேடம்' என்று கூப்பிட்டால்தான் என்ன தப்பு செய்தேன் என்று பயம் வருகிறது.

ஜூரோங் வாசி, சிங்கப்பூர்:

1982 ஜூன் 24. கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நாலு இஞ்சினும் நின்றுவிட்டது. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்து, 'நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நாலு இஞ்சினும் நின்றுவிட்டன' என்று ஆரம்பித்து, நீங்கள் ரொம்பவும் கவலைப்படவில்லை என்று நம்புகிறேன் என்று முடித்தார். இஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்று ஜகார்த்தாவில் இறங்கி, இருந்த 263 பேரும் பிழைத்ததால் இன்று சிரிக்கிறோம். சின்னப் பிரச்சினையாம்!

கரிசல் காடு, கிளாஸ்கோ:

முதல் நாள் டாக்ஸிக்காரரிடம் 'நீங்கள் இங்கிலீஷ்காரர்கள் எல்லாம்' என்று வாயெடுத்தேன். வண்டியை ஓரம் கட்டவில்லை, அவ்வளவுதான். மீதி வழி முழுக்க ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனிப் பள்ளிக்கல்வி, தனி பவுண்டு நோட்டு என்று பாடம் நடந்தது. அந்த நோட்டை லண்டன் கடையில் நீட்டினால் கள்ள நோட்டு போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்று சொல்லும்போது குரலே மாறிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர் கஞ்சர் என்று நாம் கேட்ட நகைச்சுவையெல்லாம் நினைவுக்கு வந்ததால் சரியாகச் சில்லறை எண்ணி வைத்திருந்தேன். மனிதர் கடைசியில் ஒரு பவுண்டைக் குறைத்துக்கொண்டு, குளிருக்கு இந்தச் சட்டை போதாது, நாளைக்கே கோட் வாங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. நாம் 'வேர் டூ யூ ஸ்டே?' என்று வீட்டைக் கேட்போம் இல்லையா, லண்டனில் அதற்கு எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறாய் என்று அர்த்தம். இங்கே கிளாஸ்கோவில் எல்லாரும் நம்மைப் போலவேதான் கேட்கிறார்கள். என் ஆங்கிலத்தைத் திருத்தாத முதல் ஊர்.

பாலாற்று மருமகள், கோர்க்:

கரிசல் காடு அண்ணா, அயர்லாந்துக்காரரிடம் அப்படி வாயெடுத்திருந்தால் பாடம் டாக்ஸியோடு முடிந்திருக்காது!

நான் கல்யாணம் முடிந்து முதலில் இரண்டு வருடம் இங்கிலாந்தில், ரெடிங்கில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா தேநீருக்கு அழைத்தார். பிஸ்கட் டப்பாவை நீட்டினார், நம் வழக்கப்படி 'ஐயோ வேண்டாங்க' என்றேன். 'ரைட்டோ' என்று டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை நான், கண் டப்பாவிலேயே இருந்தது. அவர்மேல் தப்பே இல்லை. வேண்டாம் என்றவளை வற்புறுத்துவது அவர்களுக்கு அநாகரிகம். அப்புறம் அயர்லாந்துக்கு, இந்தக் கோர்க் ஊருக்கு வந்தோம். இங்கே வேண்டாம் என்றால் அது பேரத்தின் தொடக்கம். ஒரு தடவை வேண்டாம், இரண்டாம் தடவையும் வேண்டாம், மூன்றாம் தடவை 'அட எடும்மா' என்று தட்டிலேயே வைத்துவிடுவார்கள். எனக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஆனால் இங்கே வேறொரு கண்ணி இருக்கிறது, 'ஐ வில், யா', சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'செய்றேன், ஆமா'. குழாய் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டேன், 'ஐ வில், யா' என்றார், வரவே இல்லை. அந்தத் தொனியில் சொன்னால் வர மாட்டேன் என்று அர்த்தமாம்.

இணுவில் அண்ணை, டொரோண்டோ:

கனடாக்காரர் எதற்கெடுத்தாலும் 'சொறி', அதுதான் மன்னிப்பு, சொல்லுவினம் என்று பகிடி பண்ணுவார்கள். உண்மைதான். சூப்பர் மார்க்கெட்டில் நான் வண்டிலால் ஒரு மனுசனின் காலை இடிச்சுப்போட்டு நிற்கிறேன், அவர் எனக்குச் சொறி சொல்கிறார். இது எவ்வளவு ஊறிப்போனது என்றால், ஒன்ராறியோவில் 2009 இல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தவை. நீங்கள் சொறி சொன்னதை வைத்துப் பிழையை ஒப்புக்கொண்டீர்கள் என்று சிவில் வழக்கில் காட்ட ஏலாது. வக்கீல் கந்தோரில் மொழிபெயர்க்கப் போன இடத்தில்தான் எனக்கு இது விளங்கியது. எங்கட ஆக்களில் ஒருவர், விபத்து நடந்த இடத்தில் சொறி சொல்லிப்போட்டேனே, வழக்குத் தோற்றுப்போகுமோ என்று மூன்று கிழமை நித்திரை கொள்ளவில்லை.

கொங்கு நாட்டான், மின்னசோட்டா:

சொல் குழப்பம் பற்றி. எங்கள் அலுவலகக் கூட்டத்தில் அமெரிக்க மேலாளர் 'இதை டேபிள் பண்ணிவிடலாம்' என்றார். லண்டன் குழு உடனே கோப்பைத் திறந்து பேச ஆரம்பித்தது, அமெரிக்கர்கள் கோப்பை மூடினார்கள். அங்கே டேபிள் என்றால் விவாதத்துக்கு எடுப்பது, இங்கே ஒத்திப்போடுவது. நம் நாடாளுமன்றத்திலும் பிரிட்டிஷ் அர்த்தம்தான் என்பதால் நானும் கோப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் உலகப் போரில் இதே சொல்லுக்காக இரு தரப்பும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார், அப்புறம் நமக்கென்ன.

அமெரிக்கர் சிரிப்பு போலி என்பார்கள். டல்லாஸில் இருந்தபோது நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஒரு உணவகத்தில் டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்தேன், கூட வந்த நண்பர் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்து வெளியே நிறுத்தித் திட்டினார். டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், குறைந்தபட்சக் கூலிக்கான மீதியை டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். 1991 முதல் அந்த மத்திய அரசுத் தொகை ஏறவே இல்லை. அந்தச் சிரிப்பு போலியா என்று கேட்பதற்குமுன் அது யாருடைய வீட்டு வாடகை என்று கேட்டிருக்க வேண்டும் நான்.

மின்னசோட்டா வேறு ரகம். விருந்து முடிந்து தொடையில் தட்டி 'வெல்' என்று எழுந்திருப்பார்கள். அப்புறம் கூடத்தில் அரைமணி, வாசலில் அரைமணி, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னும் கால்மணி. போயிட்டு வரேன் என்று ஏழு தடவை சொல்லிவிட்டுப் படியிலேயே நிற்கும் என் பெரியம்மாவை இங்கே குடிவைத்தால் ஒரு குறையும் இருக்காது.

தேனி மைனா, மெல்போர்ன்:

'பிரிங் எ பிளேட்' என்று அழைப்பில் இருந்தது. தட்டு பற்றாக்குறை போல என்று ஆறு எவர்சில்வர் தட்டு கழுவித் துடைத்துக் கொண்டு போனோம். தட்டில் பலகாரம் கொண்டு வரச் சொன்னார்களாம். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, இன்றுவரை என் கணவருக்கு அந்தக் கூட்டத்தில் 'பிளேட்ஸ்' என்றுதான் பெயர். முதலில் அவமானமாக இருந்தது. இங்கே பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் பண்ணினால் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். தேன் மாதிரி மரியாதையாகப் பேசினால்தான் உஷாராக வேண்டும்.

ஈரோட்டுக்காரன், லீட்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் விவசாயி கதையைப் படித்துவிட்டு என் மேலாளரை மன்னித்துவிட்டேன், பாதி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இரண்டு நாள் மெனக்கெட்டு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். ஒன்பது வருடமாக 'நாட் பேட்' என்பதையே பெரிய பாராட்டாகக் கேட்டுப் பழகிய வாய், என்னை அறியாமல் 'பரவாயில்லம்மா, மோசமில்ல' என்று சொல்லிவிட்டது. சத்தியமாக அதைவிடப் பெரிய பாராட்டு அப்போது என்னிடம் இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை, கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அப்பா என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'போய் சமாதானம் பண்ணுடா, ராத்திரிக்கு எனக்கும் சோறு கிடைக்காது' என்றார்.