பையில் இருந்ததும் வீட்டில் விட்டுவந்ததும்

மெல்பேர்ணிலிருந்து

போன கிழமை தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணை, விடிய வெளிக்கிட்டு இரவுக்குள்ள திரும்புற வேட்டைதானே, சின்னப் பை ஒண்டு காணாதோ?" காணும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன்தான். அந்த நினைப்பு உடைந்த கதையை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கோ.

யூன் மாதம். மான்ஸ்ஃபீல்ட் தாண்டி ஜேமிசன் பக்கத்து மலைக்காடு. நானும் என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும். தேடிப் போனது மரை. எங்கட ஊர்க் காட்டில் நிற்கிற அதே மரைதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு விக்ரோறியாவின் கிழக்கு மலைகள் முழுக்கப் பரவிவிட்டது. ஊரில் சுட்டால் மறியல், சிறைதான். இங்கே துவக்கு லைசென்சும் மான் வேட்டைக்கான லைசென்சும் இருந்தால், அனுமதித்த அரச காடுகளில் ஆண்டு முழுக்கத் தேடிப் போகலாம். முதல் தடவை சேற்றில் அதன் குளம்படியைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

என் பையில் ஒரு லீற்றர் தண்ணீர், இரண்டு சான்விச், பத்துக் குண்டு, ஒரு கத்தி. தொலைபேசி சட்டைப் பையில். கிழவரின் பை என்னுடையதைப்போல மூன்று மடங்கு. "வீடு மாறுறியளோ?" என்று பகிடி விட்டேன். மனுசன் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு எதிர்ச் சரிவில், பன்னச் செடிகளுக்குள் ஒரு பெட்டை மரை. சுட்டேன். விழுந்தது, ஆனால் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. உருண்டு உருண்டு பள்ளத்தின் அடிக்குப் போய்விட்டது. பிளாக்பெரி முட்புதருக்குள்ளால் இறங்கிக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம். அந்த மாதத்தில் ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும், பள்ளத்துக்குள் அதற்கு முதலே இருட்டு. குடலை எடுத்து முடித்துத் தொலைபேசியைப் பார்த்தால் பன்னிரண்டு வீதம் சார்ஜ். வரைபடமும் அதற்குள், ரோர்ச்சும் அதற்குள். சிக்னல் காலையிலேயே போய்விட்டது.

ஏறிப் பார்த்தோம். இரண்டு தரம் வழி பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாம் தரம் கிழவர் நின்றுவிட்டார். இனி விடியும்வரை இங்கேதான் என்றார். அப்போதுதான் அந்தப் பையைத் திறந்தார். தலையில் கட்டுகிற ரோர்ச் இரண்டு, ஒரு தார்ப்பாய்த் துண்டு, கம்பளித் தொப்பி, கம்பளி உள்ளுடுப்பு ஒரு சோடி, ஒரு குட்டிப் பையில் பழைய சைக்கிள் ரியூப்பை விரலகலத்துக்கு வெட்டிய துண்டுகள். மழையில் ஊறின சுள்ளி என் லைற்றருக்கு மசியவேயில்லை. அந்த ரியூப் துண்டு பற்றினால், கரும்புகை தள்ளிக்கொண்டு, காற்றிலும் அணையாமல் நின்று எரிகிறது. சுள்ளி காய்ந்து தீப்பிடிக்க அந்த நேரம் போதும். (கோடையில் நெருப்புத் தடை நாட்களில் இந்த வேலை செய்ய முடியாது. அது வேறு கதை.)

நான் போட்டிருந்தது ஜீன்ஸ். நூல் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்கு என் பற்கள் தாளம் போட்டன. கிழவர் அதட்டி ஜீன்சைக் கழற்றவைத்து, தன் கம்பளிக் காற்சட்டையைப் போடவைத்தார். அரைக்கால் வரைதான் வந்தது. அந்தக் கோலத்தில் விடிய விடிய இருந்தேன்.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். எட்டு மணிக்கு வருவேன் என்று மட்டும் மனிசியிடம் சொல்லியிருந்தேன். எந்தக் காடு, எந்தப் பாதை, வாகனம் எங்கே நிற்கிறது, எதுவும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு அவசர இலக்கமான 000க்கு அடித்து அவளால் சொல்ல முடிந்தது "மான்ஸ்ஃபீல்ட் பக்கம்" என்பது மட்டும்தான். தேடுகிறவனுக்கு அது வன்னிப் பக்கம் என்று சொன்ன மாதிரி. விடிந்ததும் நாங்களே ஏறி வந்தோம். பாதை அரை மணித்தியாலத் தூரத்தில்தான் இருந்தது. வாகனத்தடியில் பொலிஸ் நின்றது. அவர்கள் ஏசியிருந்தால் பரவாயில்லை, தேத்தண்ணி தந்தார்கள்.

பெண்டிகோவிலிருந்து, சொந்த ஊர் கோவை

அண்ணா, நீங்க மரைன்னு எழுதுனதும் ஒரு நிமிஷம் குழம்பிட்டேன். எங்க பக்கம் அது கடமான். தெக்கத்திக்காரங்க மிளான்னு சொல்லுவாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ல அதைப் பார்க்கத்தான் முடியும். அதனால துப்பாக்கியைத் தொட்டதே இங்க வந்துதான்.

எனக்கு நடந்தது மார்ச் மாசம், நல்ல வெயில். கிப்ஸ்லேண்ட் பக்கம் ஒரு ஓடைக்கரை. நான் எதிர்ல இருக்கற சரிவையே பார்த்துட்டு நடக்கறேன். கால்ல 'தப்'புன்னு ஒரு அடி, யாரோ குச்சியால தட்டுன மாதிரி. குனிஞ்சா டைகர் ஸ்நேக், கொடிய விஷப் பாம்பு. புல்லுக்குள்ள போயிடுச்சு. கணுக்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும் கட்டற தடித்துணி கெய்ட்டர் போட்டிருந்தேன், அதுல ரெண்டு ஈரப் புள்ளி. தோல்ல ஒண்ணும் இல்லை. அந்த கெய்ட்டரை நான் வாங்குனது முள்ளுக்கும் அட்டைக்கும்தான், பாம்பை நினைச்சு இல்லை.

ஆனா அந்த நேரத்துல என் கை என்ன பண்ணுச்சு தெரியுமா? பெல்ட்டைக் கழட்டி முழங்காலுக்கு மேல இறுக்கக் கட்டப் போச்சு. பாம்பு கடிச்சா கயித்தால இறுக்கிக் கட்டுன்னு சின்ன வயசுல கேட்டதுதான் மண்டைல இருக்கு. கூட வந்தவர் கையைத் தட்டி விட்டார். இங்க சொல்லித்தர்றது வேற: நல்லா அகலமான எலாஸ்டிக் கட்டு, கடிச்ச இடத்துல ஆரம்பிச்சு கால் முழுக்க சுளுக்குக்குக் கட்டற அழுத்தத்துல சுத்தணும், குச்சி வெச்சு அசையாமக் கட்டணும், ஆளு நடக்கவே கூடாது. கடிவாயைக் கழுவக் கூடாது. ஒரு கட்டு பத்தாது, முழுக் காலுக்கு ரெண்டு வேணும். இப்ப ரெண்டும் பையோட வெளி ஜிப்லதான் இருக்கு. அடியில போட்டு வெச்சா இல்லாத மாதிரிதான்.

ஒண்ணு கேக்கணும் அண்ணா. நடக்கவே கூடாதுன்னா, சிக்னல் இல்லாத இடத்துல உதவிக்கு யாரைக் கூப்பிடறது? தனியாப் போறவங்க என்ன பண்றாங்க?

ரொறன்ரோவிலிருந்து

இங்கே பாம்புப் பிரச்சினை இல்லை, மனிசர்தான். நொவெம்பரில் மான் துவக்குச் சீசன் தொடங்கினால் ஒன்ராறியோவில் செம்மஞ்சள் உடுப்பு சட்டம். இடுப்புக்கு மேலே 2,580 சதுர சென்ரிமீற்றர், எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் தெரியவேண்டும், தலையிலும் இருக்கவேண்டும். மானுக்கு அந்த நிறம் எங்களுக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது, அதனால் வேட்டை கெடாது.

நான் சட்டத்தை மீறினேன். வேணுமென்று இல்லை. மேடு ஏறி வேர்த்துக் கொட்டியது. வேர்வை நின்ற பிறகு குளிர் பிடிக்கும் என்று வெளி ஜக்கெற்றைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். செம்மஞ்சள் அதோடு உள்ளே போனது எனக்கு உறைக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்மேட்டில் ஒரு சிறு மினுக்கம். எனது தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். ஒருத்தன் துவக்கின் கண்ணாடியால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. கத்தவும் குரல் வரவில்லை. கையைத் தூக்கி ஆட்டினேன், அவன் துவக்கைப் பதித்தான். பிறகு வந்து மன்னிப்புக் கேட்டான். தன்னிடம் தொலைநோக்கி இல்லையாம், பாரம் என்று வாகனத்தில் விட்டுவிட்டானாம்.

அதனால்தான் சொல்கிறேன், தொலைநோக்கியை ஆடம்பரச் சாமான் என்று நினைக்காதேங்கோ. துவக்கின் கண்ணாடியால் ஆளைப் பார்க்கிறது என்றால் ஆளை நோக்கித் துவக்கு நீட்டுகிறது. இப்போது நான் செம்மஞ்சளை மெல்லிய மேலங்கியாக எல்லாவற்றுக்கும் மேலே போடுகிறேன், பைக்கும் அதே நிறத்தில் ஒரு உறை. மானை இழுத்துக்கொண்டு வரும்போது கொம்பில் ஒரு துண்டு செம்மஞ்சள் துணி கட்டுவேன். கொம்பு மட்டும் புதருக்கு மேலே அசைந்தால் பார்ப்பவன் என்ன நினைப்பான்?

குளிரில் தொலைபேசி பற்றறி கண்முன்னே இறங்கும். நெஞ்சுப் பக்கத்து உள்பையில் வையுங்கோ. மரத்தில் ஏறி இருக்கிறவர்கள் உடம்பு முழுக்கப் பூட்டுகிற பாதுகாப்புப் பட்டி இல்லாமல் ஏறாதேங்கோ. என் கூட்டாளி ஒருத்தன் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கை.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து

நான் வேட்டைக்குப் போவதில்லை. கணவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் போவார்கள், நான் பை கட்டிக் கொடுக்கிற ஆள். நர்ஸ் என்பதால் இதை எழுதுகிறேன், ஆண்கள் யாரும் எழுத மாட்டீர்கள்.

காலையில் முழங்கால் அளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்து போனார்கள். மேலே மலையில் மழை, இவர்கள் இருந்த இடத்தில் தூறல்கூட இல்லை. மத்தியானம் திரும்பும்போது ஆறு பழுப்பு நிறத்தில் ஓடியதாம். நல்லவேளை, கடக்க முயலவில்லை. தண்ணீர் வடிய இரவு எட்டு மணி. மூன்று பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், காலையில் இன்சுலின் போட்டுவிட்டு வந்தவர். மத்தியானச் சாப்பாடு அக்கரையில், வண்டியில். நான்கு மணிக்கு அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியது. மற்ற இருவரும் முதலில் குளிர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

காப்பாற்றியது என் மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய பொருள்விளங்காய் உருண்டை. இரண்டு மாதமாக யாரும் தொடாமல் கிடந்ததை, தின்று தீர்க்கட்டும் என்று பையில் போட்டிருந்தேன். கல் மாதிரி. பாறையில் வைத்து உடைத்து வெல்லத் தூளாக வாயில் போட்டிருக்கிறார்கள். அது அதிர்ஷ்டம். முறையாகச் செய்வதென்றால் குளுக்கோஸ் மாத்திரை ஒரு பாக்கெட், இரண்டு வேளை மருந்து கூடுதலாக, கூடப் போகிறவர்களுக்கு யாருக்கு என்ன நோய் என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய தமிழர்கள் மூன்று பேர் காட்டுக்குப் போனால் ஒருவர் பையிலாவது மாத்திரை இருக்கும், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. தோட்டா எத்தனை என்று மட்டும் எண்ணுகிறார்கள்.

லண்டனிலிருந்து, பிறந்தது நெடுங்கேணிப் பக்கம்

எழுபத்திமூன்று வயசாகுது, இனி நான் ஒரு காட்டுக்கும் போறேல்ல. ஆனா மரை எண்ட சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்கேலாது.

அப்பு இடியன், வாயால வெடிமருந்து இடிச்சு நிரப்புற துவக்கு, வச்சிருந்தவர். சட்டவிரோதம்தான், மறைக்கேல்ல. அவர் கொண்டு போறது: வெடிமருந்து ஒரு மாட்டுக்கொம்புக்குள்ள, வாய்க்கு மெழுகு அடைச்சு. சன்னம் ஒரு சீலை முடிச்சில. தீப்பெட்டி பொலித்தீனில சுத்தி, அதை மடிக்குள்ள. சுரக்குடுக்கையில தண்ணி. புழுக்கொடியல் (அவிச்சுக் காயவச்ச பனங்கிழங்கு) ஒரு பொட்டலம், தேங்காய்ச் சொட்டு, உப்பு. ஒரு கத்தி. அவ்வளவுதான். காட்டு வாசல்ல கொப்பு முறிச்சுத் தொங்கவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள கால் வைப்பார். சின்னனில நான் அதைப் பக்தி எண்டு மட்டும் நினைச்சன். ஒருக்கா அப்பு ரெண்டு நாள் வரேல்ல. பெரியப்பா ஆக்கள் நேர அந்த இடத்துக்குத்தான் போனவை. வாடாத கொப்பு எந்த வாசல்ல கிடக்கெண்டு பாத்து, அந்தப் பாதையால உள்ளுக்குப் போய், கால் பிசகிக் கிடந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு வந்தவை.

புழுக்கொடியலைக் குறைச்சு நினைக்காதேங்கோ பிள்ளையள். சொக்கிலேற் மாதிரி உருகாது, சான்விச் மாதிரி நசியாது, சப்பச் சப்பப் பசி தெரியாது. பல்லு மட்டும் இருக்கவேணும்.

மெல்பேர்ணிலிருந்து, திரும்பவும்

ஐயா, அந்தக் கொப்புக் கதையை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது எங்கட குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுகிற துண்டுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "கொப்பு". வாகன இலக்கம், எங்கே நிறுத்துவேன், எந்த ஓடைப் பக்கம் போவேன், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்கு அடிப்பது.

பெண்டிகோத் தம்பி, உங்கள் கேள்விக்கு மறுமொழி: அவசர சமிக்ஞைக் கருவி, இங்கே பி.எல்.பி. என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், சிக்னல் கோபுரம் தேவையில்லை, 406 மெகாஹேட்சில் செய்மதிக்குப் பேசும், அழுத்தினால் குறைந்தது 24 மணித்தியாலம் அடித்துக்கொண்டே இருக்கும். அவுஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபையில் பதிய வேண்டும், பதிவுக்குக் காசில்லை. கருவி விலைதான், எனக்கும் முதலில் கை கூசியது. ஆனால் துவக்குக் கண்ணாடிக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுத்தவர்கள் நாங்கள். அதைப் பைக்குள் போடாதேங்கோ, உடம்பில் கட்டுங்கோ. விழுந்தால் பை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

இறைச்சிப் பக்கத்தை யாரும் தொடவில்லை. மரை சின்ன மிருகமில்லை. எலும்பு நீக்கின ஒரு பின்தொடையே பத்துக் கிலோவைத் தாண்டும், முழுவதையும் இரண்டு பேர் ஒரே நடையில் கொண்டுவர முடியாது. பிளாஸ்ரிக் பையில் போட்டால் சூடு அடைபட்டு வழியிலேயே மணக்கத் தொடங்கும், காற்றுப் போகிற துணிப் பைதான் சரி. நான் பழைய தலையணை உறைகளை நன்றாகத் தோய்த்து எடுத்துப் போகிறேன். கத்தியை ஒருதரம் தீட்டிக்கொண்டு போனால் காணாது, மரைத் தோலின் சேறும் மயிரும் முனையை மழுக்கிவிடும். சின்னச் சாணைக்கல்லும் வேண்டும்.

இப்போது என் பை தண்ணீரோடு ஒன்பது கிலோ. கிழவர் போன மாதம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வீடு மாறுகிறாயா என்று கேட்டார்.

போன சனி துண்டில் எழுதியிருந்த நேரம் இரவு ஒன்பது. பாதையில் மரம் விழுந்து கிடந்தது, சுற்றி வர நேரமெடுத்தது. வீட்டு வாசலில் வாகனத்தை நிற்பாட்டும்போது எட்டு ஐம்பத்தொன்று. மனிசி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள்.