அட்வான்ஸ்: கழியுமா, திரும்புமா, போகுமா?

ஒரே சொல், ஆறு இடத்தில் ஆறு பொருள். அந்தந்த வேலையில் இருப்பவர் சொல்வது இங்கே.

வாடகை ஒப்பந்தம், கே.கே. நகர்

சென்னையில் "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. வடக்கேயிருந்து வருபவர்கள் இதை ஒரு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது பிணைத்தொகை. காலி செய்யும்போது வட்டியில்லாமல் திரும்ப வரவேண்டிய பணம். 18,000 வாடகைக்குப் பழைய வழக்கப்படி 10 மாதம் என்றால் 1,80,000.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற வாசகமும் அதிலேயே இருக்கிறது. அதனால் 10 மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு 3 மாதத்தைக் காட்டி வாதாடுவது கடினம். பேரம் பேசுவதைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் 5,000, 10,000 டோக்கன் அட்வான்ஸ். இது முழு அட்வான்ஸில் கழியுமா, வீடு வேண்டாமென்றால் திரும்புமா என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். சண்டை பெரும்பாலும் இந்தச் சின்னத் தொகையில்தான் தொடங்குகிறது.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் தொகை இல்லாமல் "பெயின்டிங் செலவு" என்று மட்டும் இருந்தால் அது ஒன்றரை மாதமாகவும் ஆகும். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்து, அந்த யூனிட் கணக்கை அன்றே முடித்துவிடுங்கள். "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்வதும் வழக்கம்தான், ஆனால் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும். நடுவில் வீடு கைமாறினால், உங்கள் அட்வான்ஸ் தன் பொறுப்பு என்று புது உரிமையாளரிடம் கடிதம் வாங்காமல் அவருக்கு வாடகை கொடுக்கத் தொடங்காதீர்கள்.

பத்திர எழுத்து, தாம்பரம்

மனை வாங்கும்போது கொடுக்கும் அட்வான்ஸ் வேறு சாதி. நம் பெரியவர்கள் அச்சாரம் என்று சொன்னது வெறும் முன்பணத்தை அல்ல, வாக்கை உறுதி செய்யும் பணத்தை. சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் வைத்துக்கொள்ளக்கூடியது அச்சாரம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்த முன்பணத்தை அப்படிப் பிடிக்க முடியாது என்று சதீஷ் பத்ரா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ரசீதில் "அட்வான்ஸ்" என்று ஒற்றைச் சொல்லை எழுதி நிறுத்தாதீர்கள். யார் தவறினால் பணம் யாருக்கு, எத்தனை நாளில் என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பது போதாது. மனை, வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் விதிக்கலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1% வரி (டி.டி.எஸ்.) பிடிப்பது அட்வான்ஸ் தவணைக்கும் உண்டு. பலர் கிரயத்தன்று மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வட்டி கட்டுகிறார்கள். பில்டரிடம் ஃப்ளாட் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%-க்கு மேல் அவர் வாங்கவே கூடாது. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் என்றாலும்.

மண்டபக் கணக்கு, வடபழனி

மண்டபத்தில் அட்வான்ஸ் வேறு, காஷன் டெபாசிட் வேறு. முதலாவது வாடகையில் கழியும், தேதியை ரத்து செய்தால் திரும்பாமல் போகலாம். இரண்டாவது திரும்ப வரும், ஆனால் ஜெனரேட்டர் டீசல், கேஸ், துப்புரவு எல்லாம் அதில்தான் பிடிப்பார்கள். சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு வாங்கும்போதே ஜி.எஸ்.டி. உண்டு, திரும்பத் தரவேண்டிய டெபாசிட்டுக்கு இல்லை. இரண்டையும் ஒரே ரசீதில் எழுதினால் பிரித்துக் கேட்பதற்கு வழியிருக்காது. மேளத்துக்கும் சமையலுக்கும் தாம்பூலத்தோடு வைக்கும் 1,001 ரூபாய், நாளைப் பிடிக்கும் மரியாதை. மீதிக் கணக்கைத் தனியே எழுதுங்கள்.

பாயின்ட் செட்டிங், புதுப்பேட்டை

எங்கள் பக்கம் அட்வான்ஸ் என்றால் பணமே இல்லை. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே ஸ்பார்க் விழுவதுதான் அட்வான்ஸ். பாயின்ட் (திறக்கும்போது ஸ்பார்க்கை விழவைக்கும் சின்ன சுவிட்ச்) உள்ள பழைய புல்லட்டில் இது அதிகமானால் கிக்கர் காலை எட்டி உதைக்கும், ஏற்றத்தில் எஞ்சின் 'கடகட' என்று தட்டும். ரிடார்ட் ஆனால், அதாவது ஸ்பார்க் தாமதமாக விழுந்தால், இழுவை குறைந்து எஞ்சின் சூடேறும். பாயின்ட் இடைவெளி கூடினால் அது சீக்கிரம் திறந்து டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) தானாகவே அட்வான்ஸாகிவிடும். அதனால் முதலில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை. வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எப்படி வைத்தாலும் ஐடிலிங் நிற்காது.

சம்பளப் பிரிவு, சேப்பாக்கம்

அரசு ஊழியரின் பண்டிகை அட்வான்ஸ் வட்டியில்லாக் கடன். 2025-ல் 10,000-லிருந்து 20,000 ஆக்கப்பட்டது, 10 தவணையில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து (பி.எஃப்.) பணம் எடுக்கும் படிவம் 31-க்கும் பெயர் அட்வான்ஸ்தான், ஆனால் அது திருப்பிக் கட்டவேண்டியதல்ல. கடன் என்று பயந்து மருத்துவச் செலவுக்குக்கூட எடுக்காதவர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளர் உரிமை, செங்குன்றம்

ஒரு அட்வான்ஸை மட்டும் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு கூட்டிவரும்போது கையில் வைக்கும் முன்பணம் அது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் முதலில் விளக்குவதே இந்த அட்வான்ஸைத்தான். காசாகவோ பொருளாகவோ கொடுத்து, கழியும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது, ஊருக்குப் போகக் கூடாது, கொடுப்பதுதான் கூலி என்று கட்டிவைத்தால் அது கொத்தடிமை. அந்தக் கடனை யாரும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, சட்டப்படி அது ஒழிந்த கடன்.

வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் விசாரித்து விடுவிப்புச் சான்று தர வேண்டும். மறுவாழ்வு உதவி அந்தச் சான்றைக் காட்டித்தான் கிடைக்கும். விசாரணையில் "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். "போக நினைத்தபோது போக முடிந்ததா?" என்பதையும் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். குடும்பத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனிச் சான்று கேளுங்கள், பெண்களின் பெயர்தான் முதலில் விடுபடுகிறது.