ஆர்எக்ஸ் 580 போட்டும் 7 எம்பி தான் காட்டுகிறது, உதவுங்கள்

தேனீ12:
நண்பர்களே, அவசரம். புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் மேக்ஓஎஸ் ஏற்றிவிட்டேன். நிறுவல் சிக்கலில்லாமல் முடிந்தது, ஒலி, நெட் எல்லாம் வந்துவிட்டது. கிராபிக்ஸ் மட்டும் வரவில்லை. விண்டோவை இழுத்தால் திக்கித் திக்கி நகர்கிறது. மேலே மெனு பட்டையில் ஒளி ஊடுருவுவதில்லை. கணினி விவரத்தில் டிஸ்ப்ளே 7 எம்பி என்று காட்டுகிறது. கிராபிக்ஸ் கார்டு ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. போட்டவுடனே ஓடும் என்று எல்லோரும் சொன்னதால்தான் இதை வாங்கினேன். இரண்டு இரவாகத் தூக்கமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வீடியோவை எடிட் செய்து கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

நிலாமுற்றம்:
எந்த மேக்ஓஎஸ் பதிப்பு? என்ன ப்ராசஸர்? பூட்லோடர் ஓப்பன்கோரா, க்ளோவரா? எஸ்எம்பயாஸ், அதாவது எந்த மேக் மாடல் என்று காட்டும் அமைப்பு, என்ன வைத்திருக்கிறீர்கள்? லிலு, வாட்எவர்கிரீன் இரண்டு கெக்ஸ்ட்டும் (மேக்ஓஎஸ் கெர்னலுக்கான துணை நிரல்கள்) ஏறியிருக்கின்றனவா? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

வேகன்:
பூட் ஆர்கியுமென்ட்டில் (தொடங்கும்போது மேக்ஓஎஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'ஏஜிடிபிமாட்=பைகெரா' சேர்த்துப் பாருங்கள். எனக்கு இதே தொல்லை இருந்தது, அந்த ஒரு வரியில் சரியானது.

நிலாமுற்றம்:
வேகன், உங்கள் கார்டு 5700 எக்ஸ்டி தானே? பைகெரா வரி ஏஎம்டியின் நவி குடும்பக் கார்டுகளுக்கானது. அவற்றில் திரை கறுத்துப்போவதைத் தடுக்கத்தான் அது. இவருக்குத் திரை வருகிறது, கிராபிக்ஸ் முடுக்கம்தான் வரவில்லை. 580 போலாரிஸ் குடும்பம், அதற்கு இது தேவையில்லை.

வேகன்:
சேர்த்துப் பார்ப்பதில் என்ன நட்டம்? ஒரு வரிதானே.

தேனீ12:
மன்னிக்கவும், எழுத மறந்துவிட்டேன். சோனோமா. ஐ5 10400எஃப். ஓப்பன்கோர். எஸ்எம்பயாஸ் ஐமேக்ப்ரோ1,1. இரண்டு கெக்ஸ்ட்டும் இருக்கின்றன. பைகெரா போட்டேன், ஒன்றும் மாறவில்லை. விண்டோஸில் இதே கார்டு நன்றாக ஓடுகிறது, கேம்கூட விளையாடினேன்.

பழையமதர்போர்டு:
தம்பி, ஓப்பன்கோருக்கான டோர்டானியா வழிகாட்டியை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கேள்வி கேட்பதுதான் முறை. ஆர்எக்ஸ் 580 ஆதரவில்லாத கார்டே அல்ல. ஹை சியரா பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் அதைத் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. கார்டு சரி, ப்ராசஸர் சரி, எஸ்எம்பயாஸ் சரி என்றால் பிழை உங்கள் ஓப்பன்கோர் கான்ஃபிக் ஃபைலில்தான். கெர்னல் பகுதியில் லிலு முதலிலும் வாட்எவர்கிரீன் அதற்குப் பிறகும் வர வேண்டும். புதியவர்கள் பத்தில் எட்டுப் பேர் கோட்டைவிடும் இடம் அது. வேறு யாரோ செய்த இஎஃப்ஐ ஃபோல்டரை (பூட் ஃபைல்கள் இருப்பது) அப்படியே இறக்கிப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தேனீ12:
இல்லை ஐயா, நானே செய்தது. லிலுதான் முதலில் இருக்கிறது.

சிறுபொறி:
தேனீ, விண்டோஸ் இருக்கிறது என்றீர்களே, அதுவே போதும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். வென் 1002 என்று தொடங்கும், அது ஏஎம்டி. அதற்கு அடுத்து டெவ் என்று நான்கு எழுத்து இருக்கும். அந்த நான்கை மட்டும் இங்கே எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை மேக்ஓஎஸ் பார்ப்பதில்லை, இந்த எண்ணைத்தான் பார்க்கிறது.

தேனீ12:
6எஃப்டிஎஃப்

சிறுபொறி:
நினைத்தேன். உங்களுடையது ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக வந்த வகை. உண்மையான 580இல் 2304 ஸ்ட்ரீம் ப்ராசஸர்கள், இதில் 2048. அதாவது உள்ளே இருப்பது 570, பெயர்தான் 580. ஏமாந்துவிட்டோம் என்று மனம் உடைய வேண்டாம், ஓடக்கூடிய சிப்தான். ஆனால் ஆப்பிளின் டிரைவர் தேடும் ஐடி 67டிஎஃப். 6எஃப்டிஎஃப் அதன் பட்டியலில் இல்லாததால் கார்டைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது.

தீர்வு, ஐடியை மாற்றிச் சொல்வது. அதே டீடெய்ல்ஸ் பகுதியில் லொகேஷன் பாத்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலுள்ள பிசிஐரூட் பாதையை ஓப்பன்கோர் வடிவத்துக்கு மாற்றி, கான்ஃபிக் ஃபைலின் டிவைஸ் ப்ராப்பர்டீஸில் சேருங்கள். அதன் கீழே 'டிவைஸ்-ஐடி' என்ற பெயரில் டேட்டா வகையாக 67டிஎஃப்பைக் கொடுங்கள். வாட்எவர்கிரீன் ஏற்கெனவே இருப்பதால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். பழைய ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுப்படி_லினக்ஸ்:
இந்தச் சுற்றுவழி எதற்கு? 570இன் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்) எடுத்துக் கார்டிலேயே ஃப்ளாஷ் செய்துவிட்டால் ஒரே வேலை. அப்புறம் எந்த மதர்போர்டில் செருகினாலும் 67டிஎஃப் என்றுதான் தெரியும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

நிலாமுற்றம்:
வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் கார்டில் இருந்த மெமரி வேறு நிறுவனத்துடையது, நான் ஏற்றிய பயாஸில் அதற்கான டைமிங் இல்லை. அடுத்த முறை ஆன் செய்தபோது திரையே வரவில்லை. இன்னொரு கார்டைச் செருகி, இதை இரண்டாவதாக வைத்துப் பழைய பயாஸை மீட்க ஒரு நாள் முழுதும் போனது. தேனீயின் ப்ராசஸர் எஃப் வகை, உள்ளே கிராபிக்ஸே கிடையாது. திரை போனால் கையில் ஒன்றுமே இருக்காது.

அடுப்படி_லினக்ஸ்:
பழைய பயாஸைச் சேமித்துக்கொண்டு, மெமரி வகையையும் பார்த்துவிட்டுச் செய்தால் ஏன் போகிறது? சில கார்டுகளில் இரட்டை பயாஸ் சுவிட்ச்சே இருக்கிறது.

நிலாமுற்றம்:
சிலவற்றில். எல்லாவற்றிலும் இல்லை. ஃபைலில் ஒரு வரி தவறினால் திருத்திக்கொள்ளலாம், கார்டின் பயாஸ் அப்படியல்ல.

பச்சைக்கண்ணாடி:
இதற்குத்தான் என்விடியா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஹை சியராவில் என் ஜிடிஎக்ஸ் 1060 என்விடியாவின் வெப் டிரைவரோடு இன்றைக்கும் ஓடுகிறது. ஐடி மாற்றும் வேலையெல்லாம் இல்லை.

பழையமதர்போர்டு:
ஹை சியரா வந்தது 2017இல், பாதுகாப்பு அப்டேட் 2020உடன் நின்றுவிட்டது. அடுத்த பதிப்பான மொஹாவிக்கு வெப் டிரைவர் வரவே இல்லை. புதியவருக்கு அதைப் பரிந்துரைப்பது பொறுப்பில்லாத செயல்.

பச்சைக்கண்ணாடி:
என் வேலை குடாவில் (என்விடியா கார்டில் கணக்கீடு செய்யும் தளம்). அதற்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழையமதர்போர்டு:
குடா 10.2தான் மேக்குக்கு வந்த கடைசிப் பதிப்பு. குடா வேண்டுமென்றால் லினக்ஸுக்குப் போவதுதான் நேர்மையான பதில். என்விடியாவின் பழைய கெப்ளர் கார்டுகளாவது பிக் சர் பதிப்பு வரை தானாக ஓடின, மான்டரியில் அதுவும் போய்விட்டது.

வேகன்:
எப்படியும் இன்டெல் ப்ராசஸருக்கு மேக்ஓஎஸ் டாஹோதான் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. இவ்வளவு பாடு எதற்கு என்று சில நாள் தோன்றுகிறது.

சிறுபொறி:
இவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிய வேண்டும். அதற்குச் சோனோமா போதும்.

தேனீ12:
செய்தேன். இன்னும் 7 எம்பி தான். பாதை பிசிஐரூட் 0, பிசிஐ 1,0, பிசிஐ 0,0. மதிப்பு 67டிஎஃப்0000.

சிறுபொறி:
பாதை சரி. மதிப்பைத் திருப்பி எழுத வேண்டும், அதைத் தெளிவாகச் சொல்லாதது என் தவறு. பைட் பைட்டாகப் பின்னிருந்து வரும்: முதலில் டிஎஃப், அடுத்து 67, பிறகு 00, 00. சேர்த்து எழுதினால் டிஎஃப்670000. இப்போது நீங்கள் கொடுத்திருப்பதை அது டிஎஃப்67 என்று படிக்கிறது, அப்படி ஒரு கார்டே கிடையாது. பைகெரா வரியையும் எடுத்துவிடுங்கள். சேமித்த பிறகு பூட் மெனுவில் என்விரேமை (பூட் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) ஒருமுறை ரீசெட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழையமதர்போர்டு:
2048எஸ்பி என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன். இனி கேட்பவர்கள் யாராக இருந்தாலும் ஐடியோடு வாருங்கள்.

தேனீ12:
வந்துவிட்டது! 8 ஜிபி காட்டுகிறது, ஆப்பிளின் கிராபிக்ஸ் தளமான மெட்டலும் வேலை செய்கிறது. சிறுபொறி அண்ணா, மிக்க நன்றி. எடிட்டிங்கைத் தொடங்குகிறேன்.

சிறுபொறி:
மகிழ்ச்சி. ஸ்லீப் போட்டு எழுப்பிப் பாருங்கள், திரை திரும்ப வருகிறதா?

காகிதக்கப்பல்:
எனக்கும் அதே கார்டுதான், ஐடி மாற்றியதும் முடுக்கம் வந்துவிட்டது, ஸ்லீப்புக்குப் பிறகு திரை கறுத்தே இருக்கிறது. தேனீ, உங்களுக்கு எப்படி இருக்கிறது?

நிலாமுற்றம்:
காகிதக்கப்பல், உங்கள் மதர்போர்டு என்ன? மானிட்டர் எச்டிஎம்ஐயிலா, டிஸ்ப்ளேபோர்ட்டிலா?