ஏபிஎஸ் லைட் வளைவில் மட்டும் எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) லைட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் என் வண்டி கதையைப் போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

பழைய டீசல் ஹேட்ச்பேக். தர்மபுரி டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை, சேலம் போய் வந்தாலும் ஒன்றும் இல்லை, வத்தல்மலை ஏறினால் மட்டும் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் மஞ்சள் லைட் வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் போய்விடும். பிரேக் எப்போதும்போலப் பிடித்தது. மஞ்சள் லைட் மட்டும் என்றால் அப்படித்தான், சாதாரண பிரேக் இருக்கும், அவசரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் விளையாடாதீர்கள். பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம், முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் இபிடியும் படுத்திருக்கலாம். அந்த நிலையில் தொப்பூர் கணவாய் இறங்குவது பைத்தியக்காரத்தனம்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், சி0035 என்ற ஃபால்ட் கோடு (கோளாறு எண்) வந்தது, இடது முன்சக்கர வேக சென்சார். "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். கோடு சொல்வது அந்த சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான். சென்சார், கப்ளர் (வயரை இணைக்கும் பிளக்), வயர், டோன் ரிங் (சக்கரத்தோடு சுற்றும் வளையம், சென்சார் வேகத்தைப் படிப்பது இதிலிருந்துதான்), ஏபிஎஸ் யூனிட் எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். செத்துப்போன சென்சார் என்றால் நேர் ரோட்டிலும் லைட் எரிய வேண்டாமா? நான் கேட்டதற்கு அங்கே பதில் இல்லை.

அப்புறம் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் வரவைத்து, காலி மைதானத்தில் என்னை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடச் சொன்னார். மூன்று சக்கரம் ஒழுங்காக வேகம் காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் பொட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப எழுந்தது. "சென்சார் நல்லாதான் இருக்கு தம்பி, வயர்தான் இழுபடுது" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பக்கக் கப்ளரையும் பிடுங்கி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (வயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும்) வைத்தார். ஸ்டீயரிங் நேராக இருந்தபோது பீப் வந்தது. இங்கேதான் பலர் வயர் ஓகே என்று முடித்துவிடுகிறார்கள். அவர் முனைகளைப் பிடித்தபடியே என்னைத் திருப்பச் சொன்னார், ஒரு பக்கம் கடைசிவரை போனதும் பீப் நின்றுவிட்டது. ஷாக் அப்சார்பர் கிளிப்புக்கு நாலு விரல் தள்ளி வயரை லேசாக இழுத்தார், அந்த இடத்தில் மட்டும் மேலுறை ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு மெலிந்தது. வெளியே ஒரு கீறல் கூட இல்லை. பிளேடால் கீறினால் உள்ளே கம்பி இழைகள் அறுந்து பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

என் வண்டியில் சென்சார் தனி, அங்கிருந்து பாடிக்குப் போகும் வயர் தனி, அதனால் வயரோடு முடிந்தது. நிறைய வண்டிகளில் வயர் சென்சாரோடு சேர்ந்தே வரும், அதில் இந்த இடத்தில் அறுந்தால் சென்சார் செட்டாகத்தான் வாங்க வேண்டும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுகிற வேலையை மட்டும் செய்ய விடாதீர்கள். மடங்கும் இடத்தில் ஈயம் வைத்தாலும் விறைத்துப்போய் பக்கத்திலேயே மறுபடி அறும். மடங்கும் துண்டு முழுதும் புது வயராகப் போட்டு, அசையாத இடத்தில்தான் ஜாயின்ட் வர வேண்டும்.

*

கிருஷ்ணகிரியிலிருந்து:

அண்ணா, எங்க வண்டியில் வேற கூத்து. பின்சக்கரத்தில் இரைச்சல் என்று ஹப் பேரிங் மாற்றினோம், மாற்றிய அன்றே டோல்கேட் தாண்டுவதற்குள் ஏபிஎஸ் லைட். சென்சார் மாற்றியும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் பேரிங்கைத் திருப்பி அடித்திருக்கிறார்கள். இந்த வகை பேரிங்கில் ஒரு பக்க சீலில்தான் சென்சார் படிக்கும் காந்தம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மெல்லிய குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் காந்தப் பக்கம் இழுக்கும். அடித்து இறக்கியதைத் திரும்பக் கழற்றினால் அந்த பேரிங்கும் போச்சு. பேரிங் காசோடு சேர்த்து சென்சார் காசும் தண்டம்.

*

பாலக்கோட்டிலிருந்து:

எனக்கு லைட்டே வரவில்லை. சிக்னலில் நிற்கப் போகும்போது, கடைசியாக ஐந்து பத்து கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அடிக்கும். மழைக்காலத்தில் தக்காளி லோடு ஏற்ற தோட்டத்துச் சேற்றில் இறங்கி ஏறும் வண்டி. டோன் ரிங்கில் துருவும் சேறும் அப்பியிருந்தது, மெதுவாகப் போகும்போது சிக்னல் சரியாகக் கிடைக்காமல் சக்கரம் லாக் ஆகிறது என்று யூனிட் நினைத்துக்கொள்கிறதாம். சுத்தம் செய்ததும் நின்றுவிட்டது. ஒரு சந்தேகம், சென்சாரை மீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) வைத்துப் பார்க்கலாமா? யூடியூபில் காட்டுகிறார்கள்.

*

முதலில் எழுதியவன்:

தம்பி, பழைய காயில் வகை என்றால் பார்க்கலாம், சுமாராக ஆயிரம் ஓம்ஸ் பக்கம் காட்டும், சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி வோல்ட் கொஞ்சம் வரும். இப்போது வருவதில் பெரும்பாலும் ஆக்டிவ் வகை, உள்ளே ஐசி இருக்கிறது, ஓம்ஸ் பார்த்தால் ஒன்றும் புரியாது, சென்சாரே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அதற்கு இக்னிஷன் ஆன் செய்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் சப்ளை வருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பேட்டரி வோல்ட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். அது வராவிட்டால் சென்சாரைத் தொடவே வேண்டாம், வயரையும் யூனிட்டையும் பாருங்கள். இன்னொன்று, ஆன்லைனில் விற்கும் மலிவு ப்ளூடூத் ஸ்கேனர் பல வண்டிகளில் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். அதில் "நோ கோடு" என்று வந்தால் ஏபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.