புதுப்பிப்பு: இரண்டே நிமிஷத்தில் நின்ற ஸ்டெர்லிங் இன்ஜின்

கண்ணாடி சிலிண்டர் ஸ்டெர்லிங் இன்ஜின் (உள்ளே அடைத்த காற்றை ஒரு முனையில் சூடாக்கி, மறுமுனையில் குளிரவைத்து ஓடும் சின்ன மாடல்), ஸ்பிரிட் விளக்கில் இரண்டு நிமிஷம் ஓடி நின்றுவிடுது, ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனுங்க. பிஸ்டனுக்கும் காற்றைத் தள்ளும் டிஸ்பிளேசருக்கும் நடுவே இருக்கவேண்டிய கிராங்க் கோணம் 90 டிகிரி, அது சரியாகவே இருந்தது. வினை, பிஸ்டனில் விட்ட தையல் மெஷின் எண்ணெய். கிராஃபைட் பிஸ்டனுக்கு எண்ணெயே ஆகாது. ஒரு சொட்டும் கண்ணாடியோடு ஒட்டி இழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிஸ்டன், சிலிண்டர் இரண்டையும் துடைத்து உலர்த்தினால் போதும்.

துடைத்தபின் சிலிண்டரை நிமிர்த்தி, அடிவாயை விரலால் அடைத்து பிஸ்டனை விடுங்க. மெல்ல இறங்கணும். சட்டென்று விழுந்தால் காற்று கசியுது, வேறு பிஸ்டன்தான். விரலை எடுத்தும் தயங்கினால் பிசுக்கு போகலை.

தீ, சூட்டுக்குழாயின் நுனியில் மட்டும் படட்டும். விளக்கை இன்ஜின் பக்கம் தள்ளி வைத்தால் குளிர்முனையும் காயும்.

புதுப் பிஸ்டனை கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதி லேத் பட்டறைகளில் கடையலாம். கிராஃபைட் கடையும்போது பறக்கும் கரித்தூசிக்கு முகம் சுளிப்பாங்க. லேத் படுக்கையை மூட பேப்பர் கொண்டுபோங்க.